படர்தாமரையும் பொடுகும்: பூசு மருந்துகளைப் பற்றிச் சில சொற்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. சிலம்பையும் கம்பனையும் பேச வல்லார் இவ்வவையில் பலர் உளர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அப்பொருள் சற்றே நகைப்புக்கு இடமானது. வெளியே சொல்லக் கூச்சம் தருவது. அதனாலேயே அதனைச் சபையில் வைத்துப் பேசவேண்டும் என்று துணிந்தோம். படர்தாமரை, சேற்றுப்புண், தேமல், பொடுகு ஆகிய இவற்றையும், இவற்றிற்கு நாம் பூசிக்கொள்ளும் களிம்புகளையும் பற்றியதே இன்றைய பேச்சு.

நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, பார்சல் சீட்டுகளையும் பதிவேடுகளையும் புரட்டி நாட்களைக் கழிப்பவர். ஆதலின் நாம் கூறுவது மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாகாது. சீட்டில் எழுதியிருப்பதைப் படித்த பின்னரே சரக்கை ஏற்கவேண்டும் என்பது எம் தொழிலின் பாடம். அந்தப் பழக்கத்தை மருந்துக் குழாயின் மீதும் செலுத்திப் பார்த்தால் என்ன என்பதே நம் எண்ணம்.

நம் ஊரும் நம் வாழ்வும்

ஓசூர்ச் சாலை ஓரத்தில் இந்த ஹெப்பகோடியில் நாம் குடியேறி வாழ்கின்றோம். தருமபுரியினின்றும், கிருஷ்ணகிரியினின்றும், சேலத்தினின்றும், திருவண்ணாமலையினின்றும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் நாம். பொம்மசந்திரத் தொழிற்பேட்டையிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் நம் மக்கள் உழைக்கின்றனர். 1978இல் தொடங்கப்பெற்ற பயோகான் நிறுவனம் நம் ஊரிலேதான் மருந்துகளைச் செய்து உலகெங்கும் அனுப்புகிறது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் நம் ஊர் நிலையமும் அந்நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருந்து பிறக்கும் ஊரில் வாழும் நாம் மருந்தை அறிந்து பூசுகின்றோமா என்பதே கேள்வி.

நம் குடியிருப்பின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஓர் அறையில் ஐவர்; ஒரு குளியலறைக்கு நான்கு குடும்பம். மழைக்காலத்தில் துணி உலர வெயில் இல்லை. அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துகின்றோம். பாதி உலர்ந்த உள்ளாடையை அணிந்து விடியற்காலைப் பணிமுறைக்கு ஓடுகின்றோம். பத்து மணி நேரம் காலணிக்குள் கால் வேகிறது. தலைக்கவசத்துக்குள் தலை வேர்க்கிறது. பூஞ்சைக்கு இதைவிட நல்ல நிலம் வேறு எங்கே கிடைக்கும்?

நோயின் இயல்பு

படர்தாமரை என்னும் பெயர் எத்துணை அழகியது! நோயோ அழகற்றது. ஆங்கிலேயர் இதனை வளையப்புழு என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். உண்மையில் இதில் புழு ஏதுமில்லை. மழைக்காலத்தில் ஊறுகாயிலும் பழைய செருப்பிலும் பூக்கின்றதே பூஞ்சணம், அதன் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரே இதற்குக் காரணம். ஹங்கேரி நாட்டிலே பிறந்து பாரிசு நகரில் மருத்துவராயிருந்த டேவிட் குரூபி என்பார், 1840களிலேயே நுண்நோக்கியின் வழியாக இதனைக் கண்டு உலகுக்கு உரைத்தார்.

தோலைப் பற்றும் பூஞ்சைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து அறிதல் எளிது. முதலாவது, தோல், மயிர், நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் பொருளைத் தின்று வாழ்வது. படர்தாமரை இதனால் வருவது. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணிலும் பெரும்பாலும் இதற்குப் பங்குண்டு. இரண்டாவது, மலசீசியா என்பது. இஃது எல்லார் தோலிலும் குடியிருப்பது. எண்ணெய்ப் பசையை உண்பது. அளவு மீறும்போது தேமலாகவும், ஒவ்வாதார் தலையில் பொடுகாகவும் வெளிப்படுவது. மூன்றாவது, கேண்டிடா என்பது. ஈரம் தங்கும் மடிப்புகளிலும், குழந்தையின் வாயிலும், நீரிழிவு உடையாரிடத்தும் இது தோன்றும். அடிக்கடி இந்நோய்க்கு ஆளாவோர் இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சோதித்தல் நலம்.

இந்நோயின் வரலாற்றில் ஒரு பழியும் உண்டு. இந்நாட்டிலே வாழ்ந்த வெள்ளையர், தொடையிடுக்கில் வரும் படர்தாமரைக்குச் சலவைத் தொழிலாளரின் பெயரைச் சூட்டி, 'தோபி அரிப்பு' என்றனர். வெப்ப நாட்டில் இறுக்கிய உடை அணிந்து, வேர்வையில் நனைந்து வந்த நோயை, துணி வெளுத்துத் தந்தவர் தலையில் ஏற்றினர். இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, 1903 முதல் 1915 வரை கொழும்பில் பணியாற்றியபோது இவ்வகைத் தோல் நோய்களை ஆராய்ந்து, பூஞ்சையே காரணம் என்பதை வலியுறுத்தினார். அவர் பெயரால் வழங்கிய சிவந்த பூச்சு மருந்தைப் பழைய மருத்துவமனைகளில் பூசிக்கொண்ட முதியவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். ஏழை மீது நோயின் பழியைச் சுமத்தும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை. 'அந்த வீட்டாரிடமிருந்து வந்தது' என்று நம் குடியிருப்பிலேயே பேசக் கேட்கின்றோம். பூஞ்சைக்குச் சாதியும் இல்லை, மொழியும் இல்லை.

மருந்துகள் வந்த வழி

நம் முன்னோர் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினர். வண்டுகொல்லி என்றும் அதற்குப் பெயர். அவ்விலையில் பூஞ்சையைத் தடுக்கும் சில பொருள்கள் உண்டென்று வேதியியலாரும் கண்டுள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்ச் சந்தையிலே 'கோவாப் பொடி' என்றொரு மருந்து படர்தாமரைக்குப் பெயர் பெற்று விளங்கிற்று. பெயர் கோவாவாயினும் பொருள் பிறந்தது பிரேசில் நாட்டு மரத்தில். போர்ச்சுகீசியர் கப்பலேற்றிக் கொணர்ந்தது அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் விட்ஃபீல்டு என்னும் ஆங்கில மருத்துவர், பென்சாயிக் அமிலம் 6 பங்கும், சாலிசிலிக் அமிலம் 3 பங்கும் நூற்றுக்குச் சேர்த்து ஒரு களிம்பு செய்தார். முன்னது பூஞ்சையைத் தடுக்கும்; பின்னது தடித்த மேல்தோலை உரிக்கும். எரிச்சல் தருவதாயினும் மலிவானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அது பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது.

1950ஆம் ஆண்டில் இரு பெண்மணிகள் ஒரு பெருஞ்செயல் செய்தனர். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்திலும், இராச்சல் பிரவுன் ஆல்பனி நகரத்திலும் இருந்தனர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த சாரங்களைத் தபால் மூலமே ஒருவருக்கொருவர் அனுப்பி ஆராய்ந்து, நிஸ்டாட்டின் என்னும் மருந்தைக் கண்டனர். நியூயார்க் மாநிலத்தின் பெயரே மருந்தின் பெயராயிற்று. அதனால் வந்த உரிமைத் தொகை 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு மேற்பட்டது. அதனைத் தமக்கென்று கொள்ளாது அறிவியல் ஆராய்ச்சிக்கே ஈந்தனர். இம்மருந்து கேண்டிடாவுக்கு ஏற்றது. ஆயினும் படர்தாமரைக்கு உதவாது. 'பூஞ்சை மருந்து' என்ற பொதுப்பெயரைக் கண்டு எதையும் எதற்கும் பூசலாகாது என்பதற்கு இஃதொரு சான்று.

1960களின் இறுதியில் குளோட்ரிமசோல், மைக்கோனசோல் ஆகியவை வந்தன. 1990களில் டெர்பினஃபின் வந்தது. இவை செய்யும் வேலை யாது? பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு, எர்கோஸ்டிரால் என்னும் பொருளால் உறுதி பெறுகிறது. நம் உடலின் உயிரணுக்களிலோ அவ்விடத்தில் கொலஸ்டிரால் இருக்கிறது. அந்த வேறுபாடே மருந்துக்குக் கிடைத்த வாயில். எர்கோஸ்டிரால் உருவாகும் பாதையில் ஒரு படியை 'சோல்' மருந்துகள் அடைக்கின்றன. அதற்கு முந்திய படியொன்றை டெர்பினஃபின் அடைக்கிறது. நிஸ்டாட்டினோ சவ்விலேயே துளையிடுகிறது. சுவர் இடிந்த வீடுபோல் பூஞ்சை அழிகிறது.

வந்து சேர்ந்த கேடு

இத்துணை நல்ல மருந்துகள் இருந்தும், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நம் நாட்டில் படர்தாமரை அடங்காத நோயாக மாறியுள்ளது. இரண்டு வாரத்தில் தீர்ந்தது இன்று மாதக்கணக்கில் நீடிக்கிறது. மருத்துவர்கள் கூறும் காரணங்களுள் முதன்மையானது, ஸ்டீராய்டு கலந்த களிம்பு.

மருந்துக்கடையில், 'அரிப்புக்கு ஒரு குழாய் கொடுங்கள்' என்கின்றோம். கிடைப்பது பெரும்பாலும் கூட்டுக் களிம்பு: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அவற்றோடு கடுமையான ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டு அரிப்பை அன்றிரவே அடக்குகிறது, சிவப்பு மறைகிறது, 'என்ன அருமையான மருந்து!' என்று வியக்கின்றோம். அரிப்பும் சிவப்பும் நம் உடல் பூஞ்சையோடு செய்யும் போரின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போரை நிறுத்திவிடுகிறது. காவலர் உறங்கும் ஊரில் திருடன் உலவுவதுபோல் பூஞ்சை பரவுகிறது. களிம்பை நிறுத்தினால் நோய் இருமடங்காய் எழுகிறது. மீண்டும் அதே களிம்பைப் பூசுகின்றோம். வட்டத்துக்குள் வட்டம் தோன்றி, நோயின் உருவமே மாறிவிடுகிறது. இவ்வாறு ஸ்டீராய்டால் அடையாளம் மறைந்த படர்தாமரையை 1968ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர்கள் தனியே பெயரிட்டு எச்சரித்தனர்.

நம் குடியிருப்பில் ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் தங்கை ஒருத்தி, இடையிலும் தொடையிலும் தோன்றிய படர்தாமரைக்கு எட்டுத் திங்கள் இத்தகைய களிம்பைப் பூசினாள். தாயிடம் கூடச் சொல்லவில்லை, கூச்சம். மருத்துவரிடம் செல்ல ஒரு நாள் கூலி போகுமே என்ற அச்சம் வேறு. முடிவில் தோல் மெலிந்து, பிள்ளைப்பேறு கண்டாற்போல் வரிவரியாகப் பிளந்து நின்றது. படர்தாமரை முறையான மருத்துவத்தால் தீர்ந்தது. அவ்வரிகளோ நிறம் மங்கலாமேயன்றி முற்றிலும் மறையா என்று மருத்துவர் உரைத்தார். திருமணப் பேச்சு நடக்கும் வயதில் அப்பெண் சிந்திய கண்ணீரைக் கண்ட பின்னரே இப்பொருளை மேடையேற்ற வேண்டும் என்று உறுதி கொண்டோம்.

இன்னொரு கேடும் உண்டு. 2020ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்றிருந்த நோயாளிகளிடம் கண்ட ஒரு பூஞ்சையைப் புதிய இனமாக அறிவித்து, 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தனர். அதில் பல வகை டெர்பினஃபினுக்கு அடங்குவதில்லை. மருந்து தாக்க வேண்டிய நொதியின் அமைப்பே சிறிது மாறிவிட்டதால், பழைய சாவி பூட்டில் பொருந்துவதில்லை. 2023இல் நியூயார்க் நகரத்திலும் இது காணப்பட்டதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. பாரதத்தின் பெயர் உலகெங்கும் பரவவேண்டும் என்று விரும்புகின்றோம், இவ்வழியில் அன்று.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2018 மார்ச்சில் 14 வகைப் பூசு ஸ்டீராய்டுகள், மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத எச் அட்டவணையின் கட்டுப்பாட்டுக்குள் கொணரப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பெற்ற 328 கூட்டு மருந்துகளுள் இத்தகைய களிம்புகள் சிலவும் இருந்தன. இந்தியத் தோல் மருத்துவர் சங்கமும் இதற்கெனத் தனிக்குழு அமைத்து எச்சரித்து வருகிறது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருக்க, குழாய் நம் அலமாரியில் இருக்கின்றது.

குழாயைப் படிக்கும் முறை

அன்பர்களே! இன்றிரவு வீடு சென்றதும் அலமாரியிலுள்ள குழாய்களை எடுத்து, விளக்கின் அடியில் வைத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று 'சோன்' ஒலியில் முடியும் பெயர் இருப்பின் அது ஸ்டீராய்டு. குளோட்ரிமசோல், மைக்கோனசோல், லூலிகோனசோல் என்பன பூஞ்சை மருந்துகள். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. குளோபெட்டசோல் என்பதும் அவ்வாறே ஒலிக்கும். அதுவோ ஸ்டீராய்டுகளுள் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று! குளோட்ரிமசோலும் குளோபெட்டசோலும் ஊர்ப்பெயர் ஒத்த இரு நிலையங்கள் போன்றவை. பலகையை முழுதும் படிக்காமல் இறங்கினால் வேற்றூரில் நிற்க நேரும். ஸ்டீராய்டுக்கும் உரிய நோய்கள் உண்டு; அவற்றை மருத்துவர் அறிவார். படர்தாமரை அவற்றுள் ஒன்றன்று. நெடுநாள் பூசி வந்தோர் தாமாகத் திடீரென நிறுத்தித் துன்புறாமல், மருத்துவரிடம் குழாயைக் காட்டி வழி கேட்பதே முறை.

பூசும் முறையையும் அறிக. தோல் மருத்துவர்கள் இதனை 'இரண்டின் விதி' என்பர். கண்ணுக்குத் தெரியும் வட்டத்துக்கு அப்பாலும் 2 சென்டிமீட்டர் பூசுக. நாளொன்றுக்கு 2 முறை பூசுக. தோல் தெளிந்த பின்னும் 2 வாரம் பூசுக. ஒரு முறை மட்டும் பூசவேண்டிய மருந்துகளும் உள. அங்கே மருத்துவர் சொல்லே விதி. வட்டத்தின் நடுப்பகுதி ஆறி, விளிம்பில்தான் பூஞ்சை உயிரோடு இருக்கும். ஆதலால் நடுவில் மட்டும் தடவுவது வீண். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவோர், சேலத்துக்குச் சீட்டு எடுத்துத் தருமபுரியில் இறங்குவோரை ஒப்பர்.

ஒரே வீட்டில் இருவருக்கு இருப்பின் இருவரும் ஒருங்கே மருத்துவம் செய்துகொள்ளல் வேண்டும். துண்டு, சீப்பு, உள்ளாடை, போர்வை ஆகியவற்றைப் பகிரலாகாது. துணிகளை வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் உலர்த்துக. வெயில் இல்லையேல் தையல் ஓரங்களில் சூடாக இஸ்திரி போடுக. ஐயம் இருப்பின், தோலைச் சிறிது சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்நோக்கியில் பார்க்கும் எளிய சோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவு சிறிது.

தலையைப் பற்றி

பொடுகுக்கு எண்ணெய் மருந்தென்று தாய்மார் கருதுகின்றனர். எண்ணெய், செதிலைப் படியவைத்து மறைக்கும். ஆனால் அப்பூஞ்சை எண்ணெய்ப் பசையை உண்பது என்று முன்னரே கூறினோம். கீட்டோகோனசோல், செலினியம் சல்ஃபைடு, துத்தநாகப் பைரிதியோன் இவற்றுள் ஒன்று சேர்ந்த ஷாம்புவே அதற்கு ஏற்றது. தலையில் இட்டவுடன் கழுவாமல் ஐந்து நிமிடமேனும் ஊறவிட வேண்டும். பொடுகு மீண்டும் மீண்டும் வரும் இயல்பினது. அடக்கி வைக்கலாம், அடியோடு ஒழித்தல் அரிது.

குழந்தைகளின் தலையில் வட்டமாக மயிர் ஒடிந்து செதில் உதிர்ந்தால், அது பொடுகென்று வாளாவிருக்கலாகாது. அது தலைப் படர்தாமரையாக இருக்கலாம். பூஞ்சை மயிர்க்காலுக்குள் இறங்கிவிடுவதால் களிம்பு அங்கே எட்டாது. உட்கொள்ளும் மருந்தே வேண்டும். 1939இல் கண்டறியப்பெற்று 1958க்குப் பின் மருத்துவத்துக்கு வந்த கிரிசியோஃபல்வின் என்னும் மாத்திரை, அதற்கு முன் எக்ஸ் கதிரால் மயிர் உதிர்க்கப்பட்டுத் துன்புற்ற குழந்தைகளின் கொடுமையை ஒழித்தது. சில வேளை தலையில் சீழ்க்கட்டி போல் வீங்கும். அதனைக் கீறிவிடாமல் மருத்துவரிடம் காட்டுக. காலம் தாழ்த்தினால் அவ்விடத்தில் மயிர் முளையாமலே போகலாம்.

எல்லா வட்டமும் படர்தாமரை அன்று. புழுவெட்டில் மயிர் வழுவழுப்பாக உதிரும். அதற்குப் பூஞ்சையும் காரணமன்று, புழுவும் காரணமன்று. அக்கி என்பது வைரசால் வருவது. தேமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. பூஞ்சை அழிந்த பின்னும் தோலின் நிறம் திரும்பச் சில திங்கள் ஆகும். எனவே மருந்து பலிக்கவில்லையென்று மீண்டும் மீண்டும் பூசவேண்டா. வெளிறிய திட்டில் தொடுவுணர்ச்சி குன்றியிருந்தாலோ தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்க. அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு இலவச மருந்தும் முழுக் குணமும் உண்டு.

முடிவுரை

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுவோர். நம் குடியிருப்பில் மூன்று பகுதிகள் எட்டும் தொலைவிலேயே உள்ளன. நான்காவதாகிய உதவுவோர் யார்? அது நாமே. மகள் கூச்சமின்றித் தாயிடம் சொல்லும் வீடும், தொழிலாளி அரை நாள் விடுப்புக் கேட்டால் அவன் பணிமுறையைப் பகிர்ந்துகொள்ளும் தோழனும், கன்னடம் அறியாத மூதாட்டிக்கு மருத்துவமனையில் உடன் நின்று பேசும் இளைஞனும் இருந்தால், அந்நான்காம் பகுதி நிறைவுறும்.

எனவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குமுன், தோல் மருத்துவர் ஒருவரை அழைத்து இம்மண்டபத்தில் ஒரு நாள் முகாம் நடத்துவோம். பெண்களுக்குத் தனியிடமும் பெண் மருத்துவரும் இருக்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டுக் குழாய்களை ஒரு பையிலிட்டுக் கொணரட்டும். எது வேண்டும், எது வேண்டா என்று மருத்துவரே பிரித்துத் தரட்டும். அம்முகாமுக்குப் பெயர் பதியும் எழுத்தர் வேலையை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். அது நமக்குப் பழகிய வேலை.